மொராக்கோ ரியாதில் கேட்ட கூஸ்கூஸ் சப்பென்று வந்தால்

ரியாத் என்றால் நடுமுற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி; கூஸ்கூஸ் என்றால் ஆவியில் வேகவைத்த ரவை உணவு. அங்கே அது நன்றாக வர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கேளுங்கள், அதையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மராகேஷ் நகரில் நிறையச் செலவு செய்து தங்கியும் இரவில் கட்டிகட்டியான கூஸ்கூஸ் வந்ததென்றால், பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

மொராக்கோ வீடுகளில் அது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் குடும்பமே ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. ரவையைக் கையால் பிசிறி, குழம்பு கொதிக்கும் பானைமேல் துளைப் பாத்திரத்தில் ஏற்றி ஆவி காட்டுவார்கள். இறக்கி, தண்ணீர் தெளித்து, உதிர்த்து, மறுபடி ஏற்றுவார்கள். இப்படி மூன்று முறை. திடீரென்று கேட்டால் வெந்நீரில் ஊறவைத்த பாக்கெட் ரவைதான் வரும்.

சமைக்கும் அம்மாவிடமே "எத்தனை முறை ஆவி காட்டுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும். முடிந்தால் அடுப்படியில் நின்று பாருங்கள், அந்த மணத்துக்கே போகலாம்.

அப்புறம், தஞ்சியாவை விட்டுவிடாதீர்கள். மண்ஜாடியில் இறைச்சி, ஊறவைத்த எலுமிச்சை, சீரகம், குங்குமப்பூ போட்டு, ஹம்மாம் என்ற பொதுக் குளியலறையின் உலைச் சாம்பலில் மணிக்கணக்காக வேகும். இரவுக்கு வேண்டுமானால் காலையிலேயே சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும்: ரமலானில் வீடுகளில் பகல் சாப்பாடு கிடையாது, வெள்ளி மதியக் கணக்கு அப்போது பொருந்தாது. அப்புறம், சமையலில் சேர்க்கும் ஸ்மென் என்ற பழைய வெண்ணெயின் வாடை ஆகாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.