பிக் எத்தனை என்பதைவிட யாருடைய பிக் என்பதே முக்கியம்: வாசகர் கேள்வி–பதில்

என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ கேமில் ஓர் அணியை வருடக்கணக்கில் நிர்வகிக்கும் மைஎன்பிஏ மோடு பற்றி வந்த கேள்விகளில், டிராஃப்ட் பிக் டிரேட் தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். பிக் என்பது வருடாந்திர டிராஃப்டில் புதிய வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பொதுவாக மோசமாக ஆடிய அணிக்கு முன்னால் வரும். அணிகள் அதை டிரேடில், அதாவது கைமாற்றத்தில், கொடுக்கலாம் வாங்கலாம்.

கேள்வி: என் அணியில் 32 வயது நட்சத்திரம் ஒருவர் இருக்கிறார், ஓவரால் (மொத்தத் திறன் மதிப்பெண்) 90. அவருக்கு ஈடாக ஒரு பலமான அணி மூன்று முதல் சுற்று பிக்குகள் தர முன்வருகிறது. அடிமட்டத்தில் இருக்கும் இன்னொரு அணி இரண்டுதான் தருகிறது. மூன்றை வாங்கிக்கொள்வதுதானே லாபம்? (சேலம் வாசகர்)

எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு பிக்கை வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது அந்த அணி அந்த வருடம் எவ்வளவு மோசமாக ஆடப்போகிறது என்பதைத்தான். பலமான அணியின் அடுத்த வருடப் பிக் 27, 28-ஆவது இடத்தில் வந்து விழும், அதில் கிடைப்பவர் பெஞ்சில் உட்காரத்தான் சரி. அதே அணியின் நான்கு வருடம் தள்ளிய பிக் என்றால் கதை முற்றிலும் வேறு.

2013 கோடையில் புரூக்ளின் நெட்ஸ் செய்தது இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம்தான், ஆனாலும் இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியாது. கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி ஆகியோருக்காக பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும், 2017-இல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார்கள். அப்போது கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. 2014 பிக் 17-ஆவதாக வந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. 2016 பிக் மூன்றாவதாக வந்தது, அதில் ஜெய்லன் பிரவுன் கிடைத்தார். 2017-இல் நெட்ஸ் 20 வெற்றி, 62 தோல்வியோடு லீக்கிலேயே கடைசி இடம். செல்டிக்ஸோ ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் முதலிடம். தங்களுடைய 27-ஆவது பிக்கைக் கொடுத்துவிட்டு முதல் பிக்கை எடுத்துக்கொண்டார்கள், பிறகு அதையும் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாவது பிக்கோடு இன்னொரு வருங்கால முதல் சுற்று பிக்கையும் வாங்கினார்கள், அந்த மூன்றாவது பிக்தான் ஜேசன் டேட்டம். 2024-இல் இந்த இருவரும்தான் செல்டிக்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள்.

ஆகவே டிரேட் திரையில் ஓகே கொடுக்கும் முன் எதிரணியின் வீரர் பட்டியலைத் திறந்து வயது வரிசையில் பாருங்கள். முக்கியமான மூன்று பேரும் 31-ஐத் தாண்டிவிட்டார்கள், நீண்ட ஒப்பந்தத்தில் பெரிய சம்பளம் வாங்குகிறார்கள், கீழே வளரும் இளைஞர் யாரும் இல்லை என்றால் அந்த அணி மூன்று நான்கு சீசனில் சரியும். அவர்களிடம் அடுத்த வருடப் பிக்கைக் கேட்காதீர்கள், கடைசியாக எந்த வருடம் வரை கேட்க முடியுமோ அதைக் கேளுங்கள். உங்களுக்கு மூன்று பிக் தருகிற அணி இப்படிப்பட்டதாக இருந்து, அந்த மூன்றும் தள்ளிய வருடங்களுக்கானவை என்றால் தயங்காமல் வாங்குங்கள். அந்த அணியின் நட்சத்திரங்களுக்கு 24, 25 வயதுதான் என்றால் அடிமட்ட அணியின் இரண்டுதான் மேல், அதுவும் அடுத்த வருடத்துக்கான பிக்காக.

இன்னொன்று, சம்பளக் கணக்கு சரியாக வர அவர்களிடமிருந்து யாரையாவது திரும்ப வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் தலையில் கட்ட நினைக்கிற மோசமான ஒப்பந்தத்தை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள், அதற்குக் கூலியாக மேலும் ஒரு பிக் கேளுங்கள். நீங்கள் அணியைப் புதிதாகக் கட்டுகிறீர்கள், இரண்டு வருடம் அந்தச் சம்பளத்தைச் சுமப்பதால் ஒன்றும் குறையாது. விற்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், 34 வயதில் ஓவரால் இறங்க ஆரம்பித்ததும் இதே வீரருக்கு ஒரு பிக் கிடைப்பதே பெரும்பாடு.

கேள்வி: சில பிக்குகளோடு ‘டாப் 10 புரொடெக்டட்’ என்று வருகிறதே, அப்படிப்பட்ட பிக்கை வாங்கலாமா? (மதுரை வாசகர்)

அந்தப் பிக் முதல் பத்து இடங்களுக்குள் விழுந்தால் கொடுத்த அணியே வைத்துக்கொள்ளும், 11 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் உங்களுக்கு வரும் என்று அர்த்தம். அதாவது உங்களுக்கு நல்லது நடக்கும் நேரத்தில் பிக் கைக்கு வராது. மேலே சொன்ன நெட்ஸ் பிக்குகளுக்கு டாப் 10 பாதுகாப்பு இருந்திருந்தால் பிரவுனும் வந்திருக்க மாட்டார், டேட்டமும் வந்திருக்க மாட்டார்.

கொடுக்கும் அணி இதை எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு 2012 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் நல்ல உதாரணம். அவர்களுடைய பிக் யூட்டாவுக்குப் போக வேண்டியது, ஆனால் டாப் 7 பாதுகாப்பு இருந்தது. சீசன் முடிவில் சரியாக ஏழாவது இடத்தில் நின்று பிக்கைத் தக்கவைத்து ஹாரிசன் பார்ன்ஸை எடுத்தார்கள். 2015-இல் கோப்பை வென்ற அணியில் அவர் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஒருவர்.

பாதுகாப்பு உள்ள பிக்கை முழு விலைக்கு வாங்காதீர்கள். டாப் 3 என்றால் பரவாயில்லை. லாட்டரி பாதுகாப்பு என்றால், அதாவது முதல் 14 இடமும் அவர்களுக்கே என்றால், அதைச் சாதாரணப் பிக்கில் பாதியாகக்கூட மதிக்க மாட்டேன். நீங்கள் கொடுக்கிற பக்கம் இருந்தால் டாப் 3 பாதுகாப்பாவது போடாமல் பிக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த வருடப் பிக்கையும் அதற்கு அடுத்த வருடப் பிக்கையும் சேர்த்துக் கொடுக்க முயன்றேன், டிரேட் செல்லாது என்று வருகிறது. ஏன்? (ஈரோடு வாசகர்)

ஸ்டெபியன் விதி. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் கவாலியர்ஸின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் முதல் சுற்று பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி இது, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. இனி வரப்போகும் டிராஃப்ட்களில் அடுத்தடுத்த இரண்டு வருடம் முதல் சுற்றில் பிக்கே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக்கூடாது. வேறு அணியிடமிருந்து வாங்கிய பிக் கையில் இருந்தாலும் போதும், உங்கள் சொந்தப் பிக்காக இருக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பெரிய டிரேடுகளில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பிக் போகிறது. 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட்டுக்காக ஃபீனிக்ஸ் சன்ஸ் கொடுத்தது 2023, 2025, 2027, 2029 பிக்குகள், 2028-இல் மாற்றிக்கொள்ளும் உரிமை, கூடவே மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் உள்ளிட்ட வீரர்கள். மாற்றிக்கொள்ளும் உரிமை கொடுத்தால் ஏதோ ஒரு பிக் உங்களிடம் இருக்கத்தான் செய்யும் என்பதால் விதி மீறப்படுவதில்லை.

கேள்வி: டிரேட் எதற்கு, வேண்டுமென்றே தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனால் முதல் பிக் கிடைத்துவிடாதா? (கோவை வாசகர்)

கிடைக்காது, பெரும்பாலும். முதல் சில பிக்குகள் யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வதுதான் லாட்டரி. 2019-இல் மாற்றிய லாட்டரி முறைப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்க ஆளுக்கு 14% தான் வாய்ப்பு, கடைசி அணி ஐந்தாவது இடம் வரை இறங்கலாம். 2025-இல் அதுதான் நடந்தது. 17 வெற்றியோடு கடைசியாக வந்த யூட்டாவுக்கு ஐந்தாவது பிக், 1.8% வாய்ப்பே இருந்த டல்லாஸுக்கு முதல் பிக், கூப்பர் ஃபிளாக்கை எடுத்தார்கள். ஒரு முழு சீசனைத் தோல்விக்கே செலவழித்துவிட்டு ஐந்தாவது பிக்கோடு நிற்பதைவிட, மோசமான இரண்டு மூன்று அணிகளின் பிக்கை டிரேடில் வாங்கி வைத்தால் அத்தனை லாட்டரிச் சீட்டும் உங்கள் கையில் இருக்கும், உங்கள் அணியும் கௌரவமாக ஆடும். இரண்டாவது வழியில் விளையாடத்தான் எனக்குப் பிடிக்கும், தோற்பதற்காகவே 82 ஆட்டத்தை ஓட்டுவதில் என்ன இருக்கிறது.

கேள்வி: ஆசை ஆசையாகச் சேர்த்து இப்போது ஒன்பது முதல் சுற்று பிக்குகள் கையில் இருக்கின்றன. எல்லாரையும் எடுத்தால் அணியில் இடமில்லை. என்ன செய்வது? (திருநெல்வேலி வாசகர்)

எல்லாரையும் எடுக்காதீர்கள். அணியில் இடம் 15 பேருக்குத்தான், அதில் ஆட்ட நேரம் கிடைப்பது ஒன்பது பத்துப் பேருக்கு. 19 வயதுப் பையன்கள் ஏழு பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்தால் யாருமே வளர மாட்டார்கள். பிக் என்பது கைமாற்றுவதற்கான பொருள், சேர்த்துவைத்து அழகு பார்ப்பதற்கு அல்ல.

முதலில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். 2018-இல் டல்லாஸ் ஐந்தாவதாக எடுத்த டிரே யங்கோடு அடுத்த வருட முதல் சுற்று பிக்கையும் சேர்த்து அட்லாண்டாவுக்குக் கொடுத்து, மூன்றாவதாக எடுக்கப்பட்ட லூகா டோன்சிச்சை வாங்கியது. டிராஃப்ட் இரவில் உங்களிடம் 12, 18 இருந்தால் 6-ஐயோ 7-ஐயோ வைத்திருக்கும் அணியிடம் பேசிப் பாருங்கள். ஸ்கவுட்டிங் (டிராஃப்டுக்கு வரும் இளைஞர்களை முன்கூட்டியே அலசுவது) முழுதாக முடித்து, யார் வேண்டும் என்று தெரிந்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, மிச்சத்தில் சிலவற்றைக் கொடுத்து இப்போதே ஆடக்கூடிய 25, 26 வயது வீரர் ஒருவரை வாங்குங்கள். முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு வருடம், சம்பளமும் குறைவு என்பதால் நீங்கள் எடுத்த இளைஞர்கள் மலிவாக ஆடும் காலம்தான் உங்களுக்குப் பெரிய வீரரை வாங்கச் சரியான நேரம், அவர்களுடைய அடுத்த ஒப்பந்தம் வந்துவிட்டால் சம்பள வரம்பில் இடமே இருக்காது. மீதியை இன்னும் தள்ளிய வருடங்களுக்கு மாற்றிவிடுங்கள்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் இதைப் பொறுமையாகச் செய்தது. 2019-இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், கல்லினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், இரண்டு மாற்று உரிமைகள் வாங்கினார்கள். அதில் 2022-இல் வந்த 12-ஆவது பிக்தான் ஜெய்லன் வில்லியம்ஸ். கோப்பை 2025-இல் வந்தது, ஆறு வருடம்! நீங்கள் இரண்டாவது சீசனிலேயே எல்லாவற்றையும் ஒரே டிரேடில் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் சுற்று பிக்குகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? (புதுச்சேரி வாசகர்)

டிரேட் கொஞ்சம் போதாமல் நிற்கும்போது மேலே வைக்கப் பயன்படும். ஸ்கவுட்டிங்கில் அக்கறை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், டென்வரின் நட்சத்திரம் நிக்கோலா யோகிச் 2014-இல் 41-ஆவது பிக்.

கேள்வி: கணினி அணிகளை ஏமாற்றி, நாலு சுமாரான வீரர்களைக் கொடுத்து அவர்களுடைய எல்லாப் பிக்கையும் பிடுங்க முடிகிறது. இது சரியா? (தஞ்சை வாசகர்)

முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள், மூன்றாவது சீசனில் சலித்துப்போய் அந்த லீக்கையே அழித்துவிடுவீர்கள். செட்டிங்கில் டிரேடைக் கடினமாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு டிரேடுக்கும் முன்னால், எதிரணியின் மேனேஜராக நீங்கள் இருந்தால் இதற்குச் சம்மதிப்பீர்களா என்று யோசியுங்கள். சம்மதிக்கக் காரணம் ஒன்றாவது கிடைத்தால் செய்யுங்கள், அவர்களுக்குக் கோப்பை அவசரம், உங்களுக்கு நாலு வருடம் பொறுக்க முடியும் என்பது நியாயமான காரணம்தான். அவர்கள் நட்சத்திரத்தை வாங்கி நிஜமாகவே கோப்பை வென்றுவிட்டால், அவர்கள் கொடுத்த பிக் பெரும்பாலும் முதல் சுற்றின் கடைசிப் பக்கம்தான் வரும். அந்த வாய்ப்பும் இருந்தால்தான் அது டிரேட்.