'கன்சல்டன்ட்'னு ஆர்டர் கொடுத்தா பி.எஃப். கிடையாதா?

மதுரையில ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப் பிரிவுல மூணு வருஷமா காலை பத்து மணிக்குக் கைரேகை வைக்கிறீங்க, லீவுக்கு முதலாளிகிட்ட அனுமதி கேட்கிறீங்க. ஆனா வேலை ஆர்டர்ல 'கன்சல்டன்ட்'னு போட்டிருக்கு, பி.எஃப். இல்லை. இது சரியான்னு கேட்டிருக்கீங்க.

தாள்ல என்ன பேர் போட்டாலும், வேலை நிஜத்துல எப்படி நடக்குதுன்னுதான் கோர்ட் பார்க்கும். நேரம், இடம், செய்முறை எல்லாம் முதலாளி சொல்படின்னா உங்க பக்கம் பலம். சொந்த லேப்டாப்ல நாலு கடைக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டு பில் கொடுக்கிறவர்தான் அசல் கன்சல்டன்ட், அவருக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) எதுவும் வராது.

நீங்க ஊழியர்னா, குறைஞ்சது 20 பேர் இருக்கிற கடையில பி.எஃப். உண்டு (அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்குள்ள சேர்ந்தவங்களுக்குக் கட்டாயம்). குறைஞ்சது 10 பேர் இருந்து, மாசச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டலைன்னா இ.எஸ்.ஐ.யும் (மருத்துவக் காப்பீடு) உண்டு.

வேலையை விடுறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் உத்தரவு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து வைங்க; அப்புறம் கேட்டா சிலது கிடைக்காமப் போகலாம். புகாரைச் சொக்கிகுளம் பி.எஃப். ஆபீஸ்ல கொடுக்கலாம்.