வீட்டுப் பத்திரமும் மாட்டின் குளம்பும்

பெங்களூரு அல்சூரிலிருந்து சென்ற வாரம் ஒரு பெற்றோர் மகளுடன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். நீட் மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவ இடம் கிடைக்காது. வீட்டை அடமானம் வைத்தாவது தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுங்கள் என்று தாய்மாமன் நெருக்குவதாகச் சொல்லிக் கலங்கினார்கள். ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினேன். அதற்குள் அந்தப் பெண் தன் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தாத்தா வீட்டு ஹள்ளிகார் இன நாட்டுக் காளை நடந்து போகிறது. "பின்னங்கால் முன்னங்கால் தடத்தில் விழவில்லை, அடிவைக்கும் நீளம் குறைகிறது, பாருங்கள் சார்" என்றாள்.

ஐயா, உங்கள் மகள் கண்டது கால்நடை இனவிருத்தித் துறையின் அரிச்சுவடி. அமெரிக்காவில் ஆங்கஸ் போன்ற இறைச்சி மாட்டினங்களில், குளம்பின் கோணத்துக்கும் அதன் இரு பிளவுகள் அமைந்த விதத்துக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நடுவிலுள்ள 5தான் சிறந்தது, இரு ஓரங்களும் குறை. குளம்பைச் செதுக்கிவிட்டால் பிறவிக் குறை மறைந்துவிடும் என்பதால், செதுக்குமுன்பே பார்த்துவிட வேண்டும். பின்னங்கால் மூட்டு வளைவின்றிக் கம்பம்போல் நிமிர்ந்திருந்தால் நடையின் அதிர்ச்சியெல்லாம் மூட்டிலேயே இறங்கி வீக்கம் காணும். அரிவாள்போல் மிகுதியாக வளைந்திருந்தால் பாரம் குதிகால் பக்கம் சாய்ந்து, குளம்பின் நுனி தேயாமல் நீண்டுவிடும். பசுவின்மேல் தாவும்போது உடல் எடை பின்னங்கால்களில் நிற்பதால், கால் கெட்ட பொலிகாளை எவ்வளவு சதை போட்டிருந்தாலும் பயன்படாது. இக்குறைகளில் ஒரு பங்கு கன்றுகளுக்கும் இறங்குவதால்தான், பதிவேடுகளைக் கொண்டு அடுத்த தலைமுறையின் கால்களைக் கணிக்கும் மரபியலாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

இறைச்சி மாட்டு இனவிருத்தியில் இங்கு வேலைகள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே கண்தான் கறவை மாட்டுக்கும், உழவு மாட்டுக்கும், ஹெசரகட்டாவிலுள்ள மத்திய உறைவிந்து நிலையம் போன்ற இடங்களில் வளரும் பொலிகாளைகளுக்கும் வேண்டும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி. படிப்பு, உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. அதன்பின் விலங்கு மரபியல், இனவிருத்திப் பிரிவில் முதுகலை இரண்டு ஆண்டு. 15 விழுக்காடு அகில இந்திய இடங்களுக்கு இந்த நீட் மதிப்பெண்ணே அடிப்படை.

வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள். கடனை அடைக்கப்போவது மாமன் அல்ல. பிடிக்காத படிப்பைப் படித்துக்கொண்டே அந்தச் சுமையையும் தலையில் ஏற்றிக்கொள்ளப் போவது உங்கள் மகள். கலந்தாய்வுக்கு முன் ஒருநாள் அவளை ஹெப்பாளுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் அந்தக் காணொளியை அவளே காட்டட்டும். நீங்கள் இருவரும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.