பி.ஆர். மனிடோபாவில், மாமா ரொறன்ரோவில்

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் தாதி. மனிடோபா மாகாணத்தின் பரிந்துரையில் கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) சரிவந்துவிட்டது, பயணம்தான் பாக்கி. "ஸ்காபரோவில் மாமா வீடு இருக்க, மனிடோபாவில், ஆரும் தெரியாத வின்னிபெக் நகரத்தில் பிள்ளை ஏன் குளிரில் கிடக்க வேண்டும்? நேரே ரொறன்ரோவில் இறங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறீர்கள்.

யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவுப்படி, பி.ஆர். உள்ளவர் எந்த மாகாணத்திலும் குடியிருந்து பிழைக்கலாம். ஆனால் அவளைப் பரிந்துரைத்தது மனிடோபா. ஆகவே லேண்டிங், அதாவது அங்கே போய் இறங்கி அதிகாரியிடம் பி.ஆர். உறுதியாகும் நடைமுறை, முடியும்வரை மனிடோபாவில் வாழும் எண்ணம் அவளுக்கு உண்மையாக இருக்க வேண்டும். "எங்கே தங்கப்போகிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வாள்? மாமாவின் விலாசத்தைச் சொன்னால் சிக்கல். மனதில் ரொறன்ரோவை வைத்துக்கொண்டு வின்னிபெக் என்றால் அது பொய். பொய்த் தகவல் என்று தீர்ப்பானால் பி.ஆர். போய்விடும், 5 வருடத் தடையும் வரும். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது பழைய முகவரிகளை எல்லாம் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

சரி, சட்டத்தை விடுங்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அவளுடைய தொழில். அங்கே தாதியர் பதிவு மாகாணத்துக்கு மாகாணம் தனி. இங்கே படித்த படிப்பை மதிப்பிட வேண்டும், தாதியர் பதிவுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுத வேண்டும், ஆங்கிலத் தகுதி காட்ட வேண்டும். மதிப்பீட்டைக் கொழும்பில் இருக்கும்போதே தொடங்கலாம். இங்கிருந்து போகவேண்டிய கடிதங்களைப் போன பிறகு எடுப்பதென்றால் நீங்கள்தான் அலைய வேண்டிவரும்! ஒரு மாகாணத்தில் பதிவு கிடைத்துவிட்டால், 2017இல் மாகாணங்கள் செய்த உள்நாட்டு வர்த்தக உடன்பாட்டின்படி, மற்ற மாகாணம் பெரும்பாலும் மறுபடி படிக்கச் சொல்லாமலே பதிவு தரும். ஆகவே மனிடோபாவில் பதிவெடுத்து, கொஞ்சம் வார்டு அனுபவத்தோடு ரொறன்ரோ போனால் அவள் தாதியாகவே போவாள். பதிவு இல்லாமல் மாமா வீட்டில் இருந்தால் கடையில் நிற்பாள். கடையில் நிற்பது கேவலமில்லை, ஆனால் அதற்காகவா இவ்வளவு படித்தாள்?

எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கனடாச் சட்டம் அதற்கு ஒரு எண் சொல்லவில்லை. உண்மையாக வீடு எடுக்கட்டும், வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தையும் வேலைக் கடிதங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் நல்ல வேலை வந்தால் தாராளமாகப் போகலாம். போனால் 60 நாட்களுக்குள் சாரதி அனுமதிப்பத்திரத்தை மாற்ற வேண்டும். மாகாண வருமான வரி, டிசம்பர் 31இல் எங்கே குடியிருக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

குளிர் பற்றிப் பொய் சொல்லமாட்டேன், ஜனவரியில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். கோட்டை இங்கே வாங்காதீர்கள், அங்கே வாங்கட்டும்.

அடுத்த மின்னஞ்சலை மகளே எழுதட்டும். அவளுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.