நாத்தனாரின் பத்திரிகையும் பெரியம்மாவின் காகிதமும்

அன்புள்ள ஐயா,

இந்தத் தீபாவளி மதிய விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் நாத்தனார் நான்கைந்து ஆண்டுகளாக ஆங்கில உளவியல் பத்திரிகைகளை விடாமல் படிக்கிறார். இலையில் சோறு இருக்கும்போதே தம் அம்மாவை, அதாவது என் மாமியாரை, ‘நார்சிசிஸ்ட்’ (தன்னையே பெரிதாக நினைப்பவர்) என்றார். அறையை விட்டு அதிகம் வெளியே வராத என் பதினாறு வயது மகனுக்கு ‘அவாய்டன்ட் அட்டாச்மென்ட்’டாம், அதாவது யாரிடமும் நெருங்காமல் விலகி நிற்கும் குணம். நான் ‘பீப்பிள் பிளீசர்’, எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவள். தம் அண்ணனுக்கு மட்டும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. பிறகு சமையலறையில் மாமியார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அது என்ன நோய்மா, சக்கரை மாதிரியா?”

இந்தப் பத்திரிகைகள் படித்தவர்களின் கிளி ஜோசியம்தானே? மனநலத்தைப் பற்றி மருத்துவர்கள் மட்டும் பேசினால் போதாதா? இவற்றால் யாருக்காவது நன்மை உண்டா?

ச., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ச.,

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சக்கரை மாதிரி இல்லை. சக்கரை என்று சொல்வதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

கிளி ஜோசியம் என்று நீங்கள் கிண்டலாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் உளவியலாளர் ஒருவரே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்பவர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்று வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயர் எழுதிய ‘முடிவை’க் கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தவை ஒரே வரிகள். மற்றவர்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள், உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வீர்கள் என்கிற மாதிரி. யாரைத்தான் அது சொல்லாது? அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை அவர் எடுத்தது கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து. இதை 1949-ல் கட்டுரையாக வெளியிட்டார். பத்திரிகைகளில் வரும் ‘பத்துக் கேள்விகளில் உங்களை அறியுங்கள்’ பகுதிகள் பலவும் இன்றுவரை இந்த வித்தையில்தான் ஓடுகின்றன.

நானும் அதில் விழுந்தவன்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தேன். விடுப்பில் வந்தபோது பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் பழைய உளவியல் இதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினேன். நீங்கள் தலைவரா, பின்தொடர்பவரா என்று ஒரு சோதனை. எங்கள் அறையில் ஒன்பது பேர். ஒன்பது பேருமே தலைவர்கள் என்று வந்தது. மறுநாள் காலை சார்ஜன்ட் ஒன்பது தலைவர்களையும் கழிவறை கழுவ அனுப்பினார்.

சோதனைகளை விடுங்கள், நல்ல கட்டுரைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘சைக்காலஜி டுடே’ என்ற அமெரிக்க உளவியல் இதழ் 1967 மே மாதம் தொடங்கியது. ‘உலகம் சின்னது’ என்ற, உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வு அதன் முதல் இதழிலேயே வந்தது. எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, தெரிந்தவர் கைமாற்றித் தெரிந்தவர் மூலம் ஒரு கடிதத்தைச் சேர்க்க முடியுமா என்பது கேள்வி. இடையில் ஐந்து பேர் இருந்தால் போதும் என்று வந்தது. ஆறு கைமாற்றத்தில் யாரையும் எட்டலாம் என்று இன்று ஊரே சொல்வது இதைத்தான். (சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இரண்டே போதும். ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள்.) ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் புறப்பட்ட 160 கடிதங்களில் போய்ச் சேர்ந்தவை 44. அதற்கு முன் கன்சாஸில் அனுப்பிய 60-ல் சேர்ந்தவை மூன்றே மூன்று. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் மில்கிராமின் பழைய தாள்களைத் தேடிப் படித்தபோதுதான் இந்த மூன்று பரவலாகத் தெரிந்தது. அதற்குள் ‘ஆறு’ ஊர் ஊராகப் போய்விட்டது. பத்திரிகையின் பாடு அப்படித்தான். கண்டுபிடிப்பு கோப்பிக் கடை வரைக்கும் வந்துவிடும், திருத்தம் வராது.

சரி, அப்படியானால் மருத்துவர்கள் மட்டும் பேசட்டும் என்கிறீர்களா? இங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். 1969-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மில்லர், உளவியலை நிபுணர்கள் தங்களிடமே வைத்துக்கொள்ளாமல் மக்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பேசினார். அந்தச் சங்கமே பின்னால் 1983-ல் ‘சைக்காலஜி டுடே’வை விலைக்கு வாங்கியது. கையைச் சுட்டுக்கொண்டு 1988-ல் விற்றது. கொடுப்பதும் லேசான வேலை இல்லை.

என் பெரியம்மா தோ பாயோவில் இருந்தார். பெரியப்பா இறந்த பிறகு தூக்கம் போனது, சாப்பாடு போனது. காலையில் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மாலை வரை அதே இடம். கண்ணேறு என்று சிலர் மிளகாய் சுற்றினார்கள். சிலர் தாயத்துக் கட்டினார்கள். சோம்பேறித்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. மருத்துவமனை என்ற பேச்சே எழவில்லை. காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: அந்தக் காலத்தில் ‘உட்பிரிட்ஜ்’ என்பது நம் வீடுகளில் ஒரு வசவு. 1951-ல்தான் மனநல மருத்துவமனைக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். 1993-ல் புவாங்கோக்கில் புதுக் கட்டடத்துக்குப் போய் மனநலக் கழகம் ஆன பிறகும், பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்ய அந்தப் புதுப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். தேக்காவில் வாங்கி வரும் தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றில் மனநல மருத்துவரின் கேள்வி பதில் பக்கம் வந்துகொண்டிருந்தது. கணவனை இழந்த ஒரு பெண் எழுதியிருந்தார்: பசி இல்லை, தூக்கம் இல்லை, பிள்ளைகள் பேசினால் தூரத்தில் கேட்கிறது. மருத்துவர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி, இது உங்கள் குற்றமில்லை, மருந்து உண்டு, போய்ப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பெரியம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து வங்கிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பாலிகிளினிக்குக்குப் போனார். மருத்துவர் இளம் சீனப் பெண். பெரியம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, மாண்டரினும் வராது. ‘தலைவலி’ என்று சைகை காட்டிவிட்டு வந்திருக்கலாம். காகிதத்தை மேசைமேல் வைத்து, “இதுதான் எனக்கு” என்றிருக்கிறார். தமிழ்த் தாதி ஒருவர் அதை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மருந்து தொடங்கியது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டோம்.

மனநலக் கழகத்தின் 2016 ஆய்வு, இங்கே ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் சார்ந்த கோளாறு ஒன்றுக்கு ஆளாகிறார் என்று காட்டியது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் நிபுணர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. இந்த முக்கால்வாசிப் பேர் மருத்துவரின் அறைக்குள் வரவே இல்லை. மருத்துவர் உள்ளே உட்கார்ந்து என்ன பேசினாலும் அவர்கள் காதில் விழாது. வெளியே, பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில், படுக்கையில் அவர்கள் கையில் இருப்பது ஏதோ ஒரு பத்திரிகைதான்.

ஆகவே உங்கள் நாத்தனார் படிப்பதில் எனக்குக் குறை இல்லை. பெரியம்மா அந்தப் பக்கத்தில் தன்னைப் பார்த்தார். நாத்தனார் பக்கத்து இலைக்காரர்களைப் பார்க்கிறார். ஆனால் ஒன்று: நடுவயதுப் பெண் ஒருத்தி, தீபாவளி அன்று, பெற்ற தாயைப் பார்த்து அப்படிச் சொல்கிறாள் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல் அதைச் சொல்வதுபோலச் சொல்லி மூடிவிட்டது. அடுத்த முறை தனியாக இருக்கும்போது “அம்மா என்ன செய்தாங்க?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பத்திரிகையில் வராத ஏதாவது வரும். நீங்கள் பீப்பிள் பிளீசர் இல்லை என்பதை நிரூபிக்க அன்று டீ போடாமலும் இருக்கலாம்.

மகனைப் பற்றி: ஓ லெவல் எழுதும் பையன் அந்த மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் எனக்குக் கவலை இல்லை. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகியும், தூக்கமும் சாப்பாடும் மாறி, நண்பர்கள் அழைத்தும் வெளியே வரவில்லை என்றால் அத்தை வைத்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரியம்மா இறந்த பிறகு அந்தக் கணக்குப் புத்தகம் என்னிடம் வந்தது. காகிதம் மடிப்புகளில் நைந்து நான்கு துண்டாகியிருந்தது. பின்பக்கம் ரவா கேசரி செய்முறை, கிழித்த இடத்தில் சீனியின் அளவு போய்விட்டது.