பொறியியல் படித்தவர் பல்கலைக்கழகத்தின் வரலாறு, இலக்கியப் பொது உரைகளுக்குப் போனால் ஏதாவது புரியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் பொறியியல் படித்தவர். பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கென்று நடத்தும் வரலாறு, இலக்கியம், தத்துவ உரைகளுக்கும் பயிலரங்குகளுக்கும் போக ஆசை. அடிப்படை தெரியாமல் போய் உட்கார்ந்தால் விழிக்க வேண்டியிருக்குமோ, அதற்கு வீட்டிலேயே காணொளி பார்த்துவிடலாமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

போங்கள். உரை, பயிலரங்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பயிலரங்கைத் தேர்ந்தெடுங்கள். நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவன். கல்லூரியில் படித்தது வணிகவியல். இந்த நிகழ்ச்சிகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன் என்பதைத் தவிர இந்தப் பதிலை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலில் கூச்சத்தைப் பற்றி. யாரோ இரக்கப்பட்டு உங்களை உள்ளே விடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச உரைகளை நடத்திவருகிறது. மாணவர் சேர்க்கை இல்லை, பட்டமளிப்பு இல்லை; உரைதான் அங்கே வேலை. தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் தன் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. பாரிஸில் 1530-இல் தொடங்கிய கொலேஜ் டி பிரான்ஸிலும் அப்படித்தான்: பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அங்குள்ள பேராசிரியர்கள் ஒரே பாடத்தை ஆண்டுதோறும் திருப்பிச் சொல்லவும் முடியாது. தாங்கள் அப்போது செய்துகொண்டிருக்கும் ஆய்வைத்தான் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். வெளியாட்களுக்குச் செய்யும் உபசாரமாக இது தொடங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த உரைக்குப் போவது? தலைப்பைப் பாருங்கள். 'மனிதனும் நாகரிகமும்', 'இலக்கியமும் வாழ்வும்' என்று அண்டத்தையே அளக்கும் தலைப்பாக இருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. ஒரே ஊரின் திருமணப் பதிவேடுகள், ஒரு துறைமுகத்தின் சுங்கக் கணக்குப் புத்தகம், ஒரு கவிதைக்குக் கிடைத்த இரண்டு வெவ்வேறு கையெழுத்துப் படிகள் என்று குறுகலாக இருந்தால் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவேன். புதியவருக்குக் குறுகிய தலைப்பு கடினம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. அகலமான தலைப்பை எடுத்தவர், கேட்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே படித்திருப்பார்கள் என்ற நினைப்பில் பெயர்களைத் தூவிக்கொண்டே போவார். சுங்கக் கணக்கைப் பற்றிப் பேசுபவர் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டியாக வேண்டும். இந்தப் பத்தியில் சரக்கு, இதில் எடை, இங்கே எழுதிய கை மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பின்தொடரப் பள்ளிப் படிப்பு போதும். எங்கள் தொழிலில் வவுச்சர் இல்லாத செலவை ஒப்புக்கொள்ள மாட்டோம். உரை விஷயத்திலும் நான் அதே ரகம்.

புதிதாகப் பேராசிரியர் ஆனவர் நிகழ்த்தும் முதல் பேருரை என்று ஒன்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அறிவிப்பைக் கண்டால் விடாதீர்கள். கேட்க வருபவர்களில் வேதியியல் துறைக்காரரும் இருப்பார், பேசுபவரின் தாயாரும் இருப்பார். அதனால் தன் வாழ்நாள் ஆய்வை எல்லாருக்கும் புரிகிறபடி சொல்ல அவர் உண்மையிலேயே மெனக்கெடுவார். அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆளைப் பொறுத்தது. நிதி வைத்தவர் விதித்த பொருளில் பேச வேண்டியிருப்பதால் சில உரைகள் கடமைக்கு நடக்கும்; வேறு சில உரைகள் பல பத்தாண்டுகள் பேசப்படும். 1959-இல் கேம்பிரிட்ஜில், அறிவியலாளரும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ நிகழ்த்திய ரீட் சொற்பொழிவு அப்படிப்பட்டது. அறிவியலாளர்களும் இலக்கியவாதிகளும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத இரண்டு பண்பாடுகளாகப் பிரிந்துவிட்டார்கள் என்றார் அவர். படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்ன என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டார். உங்களுக்கு அது தெரியும் அல்லவா? அந்தத் தெம்போடு உள்ளே போங்கள். துறைக்குள் வாரந்தோறும் நடக்கும் கருத்தரங்கு மட்டும் வேறு வகை. கதவு திறந்திருக்கும், பேச்சு உள்வீட்டுப் பேச்சாக இருக்கும். அதைக் கொஞ்ச காலம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பயிலரங்கைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், உரையின் குறையை, கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு பேராசிரியரே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ கொலேஜ் டி பிரான்ஸில் பேசிய நாட்களில் அரங்கில் இடம் போதாமல் இன்னொரு அறையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். அவருடைய மேசை முழுக்க ஒலிப்பதிவுக் கருவிகள். கேட்பவர்களோடு எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாமல் மேடையில் நடிப்பதுபோல் ஆகிவிட்டது என்று அவர் வருந்தினார். 1976-இல் உரையைக் காலை ஒன்பதரை மணிக்கு மாற்றினார்; அந்த நேரத்துக்கு மாணவர்கள் எழுந்து வர மாட்டார்கள், கூட்டம் குறையும் என்று நம்பினாராம். சிறு குழுவாக உட்கார்ந்து வேலை செய்யத்தான் அவருக்கு விருப்பம். ஆனால் பொதுமக்களுக்குக் கதவை மூடும் உரிமை அந்த நிறுவனத்தில் அவருக்கு இல்லை.

இந்தக் குறைக்கு மருந்து ஃபூக்கோவுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறையத் தற்செயலாக, கிடைத்திருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1867-இல் இங்கிலாந்தின் வடபகுதி நகரங்களில் பெண்களுக்கு உரை நிகழ்த்தப் போனார். இளைஞர் ஒருவர் பெண்களிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்பது அழகல்ல என்று கருதப்பட்ட காலம். ஆகவே கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதில்களையும் எழுத்தில் வாங்கித் திருத்தினார். பிறகு ராச்டேல் நகரில் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்களுக்குப் பேசியபோது, ஒரு நாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், உரைக்காகச் சுவரில் மாட்டியிருந்த விளக்கப் படங்களை அடுத்த வாரம்வரை அப்படியே விட்டுவிட்டுப் போனார். இடைப்பட்ட நாட்களில் அந்தத் தொழிலாளர்கள் படங்களின் முன் கூடி விவாதித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் உரைக்கு முன்பே வந்து, எங்களுக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். உரையோடு வகுப்பும் என்ற வழக்கம் அப்படித்தான் பிறந்தது. 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த முறையில் வெளியூர் உரைகளை நடத்துவதைத் தன் பொறுப்பாகவே ஏற்றுக்கொண்டது.

உரைக்கு முன் நடந்த அந்தச் சந்தேக நேரம்தான் பயிலரங்கில் முழு நிகழ்ச்சியும்.

நான் போனவற்றில் சுவடி வாசிப்புப் பயிலரங்கை மிஞ்சியது இல்லை. ஓலைகளின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கையில் ஒரு பென்சில். பழைய தமிழ்ச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி என்ற பேச்சே இல்லை. நடத்திய அம்மையார், படத்துக்குப் போகும் முன்பு, கரும்பலகையில் அந்தப் பாணியில் சில எழுத்துகளை எழுதிப் படிக்கச் சொன்னார். 'எரி சூழ்ந்த ஊர்' என்றார் ஒருவர். 'ஏரி சூழ்ந்த ஊர்' என்றார் பக்கத்தில் இருந்தவர். ஊர் தீப்பிடித்திருக்கிறதா, தண்ணீருக்கு நடுவில் இருக்கிறதா? இரண்டும் சரி என்றுவிட்டு அவர் பேசாமல் நின்றார். முன்னால் என்ன வருகிறது என்று கேட்டார் ஒரு மாணவர். அதுதான் முதல் கேள்வி என்றார் அம்மையார். படையெடுப்பைப் பாடும் இடமா, ஊர்வளத்தைப் பாடும் இடமா? அடுத்து, செய்யுளா உரைநடையா? செய்யுள் என்றால் யாப்பு ஓரளவு கைகொடுக்கும்: 'எரி' ஒரே நிரையசை, 'ஏரி' நேரும் நேருமாக இரண்டு அசை. அப்புறம், இதே பாட்டுக்கு வேறு சுவடி கிடைத்திருக்கிறதா? கிடைத்தாலும் அது இதைப் பார்த்து எழுதிய படியாக இருந்தால் அதைச் சாட்சியாகக் கொள்ளலாமா?

கடைசிக் கேள்வியில் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தேநீர் இடைவேளை வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதன்பின் உண்மையான ஓலைப் படத்தில் நாங்கள் கடந்தது சில வரிகள்தான். பதிப்பாசிரியர் என்பவர் என்ன வேலை செய்கிறார் என்று எத்தனை சொற்பொழிவு கேட்டாலும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. இப்போது பழைய நூல்களில் அடிக்குறிப்பாக வரும் பாடவேறுபாடுகளைத்தான், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களைத்தான், முதலில் பார்க்கிறேன்.

வாய்மொழி வரலாற்றுப் பயிலரங்கும் உங்களுக்கு ஒத்துவரும். முதியவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி என்பது பாடம். ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனால், கேள்வி கேட்பதைப் பற்றியே நெடுநேரம் பேசுவார்கள். 'அப்போது உங்களுக்குப் பயமாக இருந்திருக்குமே?' என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டோம் என்று பொருள். 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. ஜோடி ஜோடியாகப் பழகச் சொல்வார்கள். படித்த மனிதர்கள் சில நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் நெளிவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பதிவை யார் கேட்கலாம், எங்கே வைக்கலாம் என்று பேசியவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும் இதில் ஒரு பகுதி. பலர் அதை வெறும் படிவ வேலை என்று அலட்சியப்படுத்துவார்கள். அது இல்லையென்றால் அந்தப் பதிவை எந்த ஆவணக் காப்பகமும் சேர்த்துக்கொள்ளத் தயங்கும்.

ஆவணக் காப்பகப் பயிலரங்குகளில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் சின்ன நடைமுறைகள். பேனாவை உள்ளே கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். திரைப்படங்களில் காட்டுவதுபோல வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பழைய தாளைப் புரட்டுவதைப் பல நூலகங்கள் விரும்புவதில்லை. கையுறைக்குள் விரலுக்குத் தொடுவுணர்வு குறைந்து தாள் கிழிந்துவிடும். கழுவித் துடைத்த வெறும் கைதான் நல்லது. புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை.

உரை முடிந்த கேள்வி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'இது கேள்வியல்ல, ஒரு கருத்து' என்று ஒருவர் எழுந்திருப்பார். எல்லா அரங்கிலும் அவர் இருக்கிறார். நீங்கள் அவராக வேண்டாம். வெளியாள் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, இதற்கு எதிரான சான்று ஏதாவது கிடைத்திருக்கிறதா என்பது. அதற்குப் படிப்பு தேவையில்லை. நேர்மையான ஆய்வாளர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். உரையில் சொல்லாமல் விட்ட சங்கடங்களெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

காணொளி போதாதா என்று கேட்டிருந்தீர்கள். உரைக்கு, பெரும்பாலும், போதும். கிரெஷாம் கல்லூரி தன் உரைகளை இணையத்தில் போட்டுவிடுகிறது. கொலேஜ் டி பிரான்ஸின் உரைகளும் கிடைக்கின்றன. புரியாத இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்கலாம் என்பது சாதாரண வசதி இல்லை. ஆனால் பல பதிவுகளில் கேள்வி நேரத்தை வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் தீராத எரிச்சல். பயிலரங்கைக் காணொளியில் பார்ப்பது, மற்றவர்கள் பென்சில் பிடிப்பதைப் பார்ப்பதோடு நின்றுவிடும்.

அறிவிப்புகளைப் பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே பட்டமளிப்பு விழாப் படங்கள்தான் இருக்கும். துறைகளின் நிகழ்ச்சிப் பக்கம், நூலகத்தின் அரிய நூல் பிரிவு, அருங்காட்சியகம் இருந்தால் அதன் பக்கம் ஆகிய மூன்றையும் பாருங்கள். உரைக்குப் பெரும்பாலும் நேரே போய்விடலாம். பயிலரங்கில் இடம் குறைவு என்பதால் முன்பதிவு வேண்டும், சீக்கிரமே நிரம்பிவிடும். முன்கூட்டிப் படிக்க ஏதாவது அனுப்பியிருந்தால் படித்துவிட்டுப் போங்கள். அது மரியாதைக்காக அனுப்பியது அல்ல, அதிலிருந்துதான் வேலை தொடங்கும். முடிவில் சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக மட்டும் போகாதீர்கள்.

படிவத்தில் 'உங்கள் துறை' என்று கேட்டிருந்தால் தயங்காமல் பொறியியல் என்றே எழுதுங்கள். பழைய நில வரைபடங்களை இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகையோடு பொருத்தும் பயிலரங்குகள் இப்போது பல வரலாற்றுத் துறைகளில் நடக்கின்றன. இரண்டு காலத்திலும் நகராமல் இருந்த புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை வைத்து முழு வரைபடத்தையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பாலமா, கோட்டைச் சுவரின் மூலையா, எதை நம்புவது என்பது வரலாற்றுக்காரர்களுக்குத் தெரியும். பிழை எங்கே கூடுகிறது, ஏன் கூடுகிறது என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்படும்.