ஹைக்கு போன்ற மாற்று இயங்குதளத்தின் நெட்வொர்க் ஸ்டாக் (தரவை அனுப்பிப் பெறும் மென்பொருள் அடுக்கு) வேகத்தை அளக்க, விர்ச்சுவல் மெஷினில் ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்டினால் போதுமா?

போதாது. அங்கே வரும் எண்ணில் ஹைப்பர்வைசரின் (விர்ச்சுவல் மெஷினை இயக்கும் மென்பொருளின்) வேலையும் கலந்திருக்கும். விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டை விர்ட்டியோ வகையிலிருந்து இ1000 வகைக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்டாக்கில் ஒரு வரிகூட மாறாமல் எண் மட்டும் மாறும்.

இரண்டு நிஜக் கம்ப்யூட்டர்களை நேராக ஒரே கேபிளில் இணையுங்கள். எதிர்முனையில் லினக்ஸ் இருக்கட்டும். சோதிக்கும் கம்ப்யூட்டரிலும் முதலில் லினக்ஸை லைவ் யுஎஸ்பியில் ஏற்றி அளந்து வையுங்கள். ஒப்பிட அந்த எண் கட்டாயம் வேண்டும்.

கிகாபிட் லைனில், எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட், டிசிபி டைம்ஸ்டாம்ப் இருந்தால் உச்சம் 941 மெகாபிட்தான்: 1448 பைட் தரவுக்கு வயரில் 1538 பைட் செலவாகிறது. 941 வந்துவிட்டால் நிரம்பியது கேபிள். அதற்குமேல் ஸ்டாக்கை எடைபோட சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். அனுப்புவதையும் பெறுவதையும் தனித்தனியே அளக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு கோட்.

லூப்பேக்கில் (கார்டைத் தொடாமல் கம்ப்யூட்டர் தனக்குத்தானே அனுப்புவதில்) வேகமாகவும் கேபிளில் மந்தமாகவும் இருந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மேல். ஹைக்குவின் பல டிரைவர்கள் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து வந்தவை. அதே கார்டை ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓட்டினால் குற்றவாளி யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியின் கரண்ட் கிளையில் (இன்னும் உருவாக்கத்தில் இருக்கும் பதிப்பில்) வேண்டாம். அங்கே விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற பிழை தேடும் (டீபக்) சோதனைகள் இயல்பாகவே ஓடி வேகத்தைத் தின்னும்.

ஸ்டாக்கின் தரம் உண்மையில் வெளிப்படுவது தாமதத்தில்தான். நடுவே மூன்றாவது லினக்ஸ் கம்ப்யூட்டரை பிரிட்ஜாக வைத்து, நெட்எம் என்ற லினக்ஸ் வசதி மூலம் திசைக்கு 50 மில்லிவினாடி தாமதம் சேருங்கள். போய்வர 100 மில்லிவினாடி ஆனால், கிகாபிட்டை நிரப்ப சுமார் 12.5 மெகாபைட் விண்டோ (பதில் வருமுன் அனுப்பி வைக்கக்கூடிய தரவின் அளவு) தேவை. விண்டோவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் வேலை செய்யாவிட்டால் 65,535 பைட்டில் முட்டி, 5.2 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில், இரு முனைகளின் சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளிலும் ஸ்கேலிங் ஆப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நெட்எம் வரிசையின் இயல்பான அளவு 1000 பாக்கெட். முழு வேகத்தில் 50 மில்லிவினாடிக்குள் நாலாயிரத்துக்கு மேல் பாக்கெட் சேரும். மிஞ்சியதை நெட்எம் கீழே போட, பழி ஸ்டாக் மேல் விழும். லிமிட்டை 10,000 ஆக்குங்கள்.

பிறகு 0.1 சதவீத இழப்பையும் சேர்த்துப் பாருங்கள். தொலைந்த பாக்கெட்டை உடனே திரும்ப அனுப்பினால் நல்லது. டைமர் தீரும்வரை சும்மா இருந்தால் ஃபாஸ்ட் ரீட்ரான்ஸ்மிட் (உடனே திரும்ப அனுப்பும் முறை) இல்லை, அல்லது பிழையாக எழுதப்பட்டிருக்கிறது.

சிறிய பாக்கெட்டுகளையும் யுடிபியில் (டிசிபி போலத் திரும்ப அனுப்பாத முறையில்) சோதியுங்கள்: 18 பைட் தரவு வைத்தால் 64 பைட் ஃப்ரேம் வரும். கிகாபிட்டின் எல்லை வினாடிக்கு 14,88,095 ஃப்ரேம். வேகத்தைச் சொல்லாவிட்டால் ஐபெர்ஃப்3 யுடிபியை 1 மெகாபிட்டில்தான் அனுப்பும். பெறும் முனையின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.